கிட்டார்ப் பெட்டியும் சுமப்பவர் முதுகும்

மேடையில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்தக் கறுப்புப் பெட்டிகளைப் புகைப்படத்திலாவது காணாதவர்கள் இன்று குறைவு. மேலே குமிழ்கள் வரிசையாகப் பதித்த நீளமான ஆம்பிளிஃபயர் ஒன்றும், அதன் கீழே நந்நான்கு ஸ்பீக்கர்களை உள்ளடக்கிய பெரிய பெட்டிகள் இரண்டுமாக அமைந்த அந்த அடுக்கைப் பார்ப்பவர்கள், ஒலி சாஸ்திரத்தில் தேர்ந்த எவரோ நெடுங்காலம் ஆராய்ந்து வகுத்த வடிவம் இது என்று எண்ணினால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்த உருவத்தை நிர்ணயித்ததில், கிட்டாரை வாசித்தவரின் காதுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு, அதைத் தூக்கிச் சென்றவர்களின் முதுகுக்கும் உண்டு என்பதே என் அபிப்பிராயம்.

லண்டனின் மேற்குக் கோடியிலுள்ள ஹான்வெல்லில் 1960-இல் வாத்தியக் கடை திறந்த ஜிம் மார்ஷல், தொழிலால் டிரம்ஸ் ஆசிரியர். அவரிடம் வந்து போன இளைஞர்கள், அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்பிளிஃபயர்களின் விலை தங்களுக்குக் கட்டுபடியாகவில்லை என்று முறையிட்டதன் பேரில், ஃபெண்டர் கம்பெனியின் பேஸ்மேன் என்ற சாதனத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, 1962-இல் அவரும் அவருடைய ஆட்களும் சொந்தமாக ஒன்றைத் தயாரித்தார்கள். அதற்கென நான்கு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி ஒன்றும் செய்யப்பட்டது. அதன் அளவைப் பற்றிப் பிற்காலத்தில் பலர் பலவிதமான கணக்குகளைக் கற்பித்துச் சொன்னபோது, நான்கு ஸ்பீக்கர்களை அடக்கக்கூடிய மிகச் சிறிய பெட்டி அதுதான், வேறு ரகசியம் ஒன்றும் கிடையாது என்று மார்ஷலே சொல்லிவிட்டார். தூக்குவதற்குத் தோதான அளவு என்பதே அங்கே சாஸ்திரமாகிவிட்டது.

1965-இல் 'தி ஹூ' கோஷ்டியைச் சேர்ந்த பீட் டவுன்ஷெண்ட், சக வாத்தியக்காரரான ஜான் எண்ட்விசிலோடு சப்தத்தில் போட்டியிட்டுக்கொண்டிருந்த நிலையில், நூறு வாட் ஆம்பிளிஃபயரும், எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் அடைத்த பிரம்மாண்டமான ஒலிபெருக்கியும் வேண்டுமென்று மார்ஷலிடம் கேட்டார். இதைத் தூக்குகிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்று மார்ஷல் முன்கூட்டியே எச்சரித்ததாகவும், அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பெட்டியை வாங்கிச் சென்ற டவுன்ஷெண்ட், சில வாரங்களுக்குள் திரும்பி வந்து இதை இரண்டாக அறுத்துத் தர முடியுமா என்று கேட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அறுப்பதற்குப் பதிலாக நான்கு ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தும் ஏற்பாட்டை மார்ஷல் செய்து கொடுத்தார். உலகமெங்கும் ராக் இசையின் சின்னமாக இன்று மதிக்கப்படும் அந்த அடுக்கு பிறந்த விதம் இதுதான்.

இரண்டாகப் பிரித்ததால் சுமை இலேசாகிவிட்டதா என்றால், அப்படியும் இல்லை. அந்தப் பெட்டி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 36 கிலோ. மேலே வைக்கும் ஆம்பிளிஃபயர் இருபது கிலோவைத் தாண்டும். சில வால்வுகளும், கம்பிகளும், அட்டைக்கூம்பு வைத்த ஸ்பீக்கர்களும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு யந்திரம் ஏன் இவ்வளவு கனக்க வேண்டும் என்ற சந்தேகம் எழுவது நியாயம். ஆம்பிளிஃபயரைப் பொறுத்தவரை காரணம் இரும்பு. வால்வு என்பது உயர்ந்த மின்னழுத்தத்தில், குறைந்த மின்னோட்டத்தில் வேலை செய்யும் கண்ணாடிக் குழாய். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அதற்காக 400, 500 வோல்ட் அளவுக்கு உயர்த்துவதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தேவை. ஸ்பீக்கரோ இதற்கு நேர்மாறானது: குறைந்த மின்னழுத்தத்தில், அதிக மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டு அசைவது. ஒன்றோடொன்று ஒட்டாத இவ்விரண்டையும் இணைத்து வைப்பதற்கு இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். இரண்டும் இரும்புத் தகடுகளை அடுக்கி, செப்புக் கம்பியைச் சுற்றிச் செய்தவை. வினாடிக்கு நூறு முறை மட்டுமே திசை மாறும் வீட்டு மின்சாரத்துக்கு நிறைய இரும்பு வேண்டியிருப்பதாலும், கிட்டாரின் கீழ்ஸ்வரங்கள் கெடாமல் வெளிவருவதற்கும் அதே நிர்ப்பந்தம் இருப்பதாலும், எடையைக் குறைக்க அக்காலத்தில் வழியே இருக்கவில்லை.

தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் தெரியும். ஆம்பிளிஃபயரின் தலையில் நட்டநடுவே ஒரு வார்ப்பிடி இருக்கும். உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கோடியில் உட்கார்ந்திருக்கும். ஆகவே, ஒரு கையால் பிடித்துத் தூக்கியவுடன் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடக்க நடக்க முழங்காலில் இடித்துக்கொண்டே வரும். பிடியை ஓர் அங்குலம் நகர்த்தி வைத்திருந்தால் எத்தனையோ முழங்கால்கள் பிழைத்திருக்கும். ஆனால் பிடி நடுவில் இருந்தால்தானே பார்வைக்கு லட்சணம்!

மார்ஷலுக்கு முன்பே இந்தச் சுமையின் ருசியை அறிந்த ஊர் லிவர்பூல். அங்கே ஏட்ரியன் பார்பர் என்ற இசைக்கலைஞர், உள்ளூர் கோஷ்டிகளுக்காகப் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தம் கையாலேயே செய்து கொடுத்தார். பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மெக்கார்ட்னியும் ஒன்று வாங்கினார். அதன் நீளத்தையும் கனத்தையும் கண்டு எல்லோரும் அதைச் சவப்பெட்டி என்றே அழைத்தார்கள். அவர்கள் அடிக்கடி வாசித்த கேவர்ன் என்ற மன்றமோ, பழைய சரக்குக் கிடங்கின் நிலவறை. மாத்யூ வீதியிலிருந்து குறுகலான கற்படிகள் பதினெட்டு இறங்கியாக வேண்டும். பதினெட்டுப் படி ஏறிப் புண்ணியம் தேடுவதை நாம் அறிவோம். இவர்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கச்சேரி முடிந்து, வியர்வையும் புகையும் மண்டிய அந்த நிலவறையிலிருந்து மறுபடி ஏறவும் வேண்டியிருந்தது.

இந்த உழைப்பைச் செய்தவர்களுள் இருவர் பெயர் சரித்திரத்தில் நின்றுவிட்டது. மெக்கார்ட்னிக்கும் ஜார்ஜ் ஹாரிசனுக்கும் பள்ளித் தோழரான நீல் ஆஸ்பினால், கணக்கர் வேலைக்குப் பயின்றுகொண்டிருந்தவர்; 80 பவுனுக்கு ஒரு பழைய காமர் வேனை வாங்கி, கோஷ்டியையும் அதன் தட்டுமுட்டுகளையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கேவர்னில் வாசற்காவல் பார்த்துவந்த மால் எவன்ஸ், தொலைபேசி இலாகாவில் வேலை செய்த பேருருவம். 1963 ஜனவரியில் ஆஸ்பினாலுக்குக் காய்ச்சல் வந்தபோது, லண்டனுக்குப் போய்த் திரும்புவதற்காக வேனை ஓட்ட எவன்ஸ் அமர்த்தப்பட்டார். இங்கிலாந்து கண்ட மிகக் கொடிய பனிக்காலங்களில் ஒன்று அது. திரும்பும் வழியில் முன்கண்ணாடி நொறுங்கிவிட, பார்வை மறைத்த கண்ணாடித் துண்டுகளை எவன்ஸ் கையால் குத்தித் தள்ளிவிட்டு, முகத்தில் அறைந்த பனிக்காற்றிலேயே லிவர்பூல் வரை ஓட்டினார். பின்னால் கோஷ்டியினர் நால்வரும் குளிர் தாங்காமல் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்துக்கொண்டு, மேலே இருப்பவர் விறைத்துப்போனதும் இடம் மாறிக்கொண்டார்களாம். அந்த ஆண்டு முடிவதற்குள் எவன்ஸுக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. அதைவிடத் தகுந்த நேர்முகத் தேர்வை யாரும் நடத்தியிருக்க முடியாது.

இவ்வளவு பாரத்தையும் எதற்காகச் சுமந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்நாளில் சபையோருக்கு ஒலியைக் கொண்டுசேர்க்கும் பொது ஒலிபெருக்கி, பாடகரின் குரலுக்கே போதாததாக இருந்தது. கிட்டாரின் ஓசை கடைசி வரிசைவரை எட்டவேண்டுமானால், கிட்டார்காரரின் சொந்தப் பெட்டிதான் எட்டவைக்க வேண்டும். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோது, அவர்களுக்காக வாக்ஸ் கம்பெனி தயாரித்த நூறு வாட் பெட்டிகளும், பந்தாட்ட அறிவிப்புக்கு வைத்திருந்த குழாய்களுமே அவர்களுக்குத் துணை. ரசிகர்களின் கூச்சலில் தங்கள் வாத்தியம் தங்களுக்கே கேட்கவில்லை. ஐம்பது வாட்டை நூறாக்கினால் சப்தம் இருமடங்காகும் என்பதும் பலருடைய நம்பிக்கை. உண்மையில் மூன்று டெசிபெல்தான் கூடும்; காதுக்கு இருமடங்காகப் படவேண்டுமானால் வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். எடை மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாமல், வாட்டோடு சேர்ந்தே ஏறியது.

ஏறிய உயரம் கொஞ்சமல்ல. 1969-இல் ஆம்பெக் கம்பெனி, பேஸ் கிட்டாருக்காக முந்நூறு வாட் சாதனம் ஒன்றை வெளியிட்டது. அதனுடைய எட்டு ஸ்பீக்கர் பெட்டி இப்போது விற்கும் வடிவில் 63 கிலோ; முதுகுப்புறத்தில் குறுக்குக் கம்பி ஒன்றும் சக்கரங்களும் வைத்திருப்பதால், நெட்டுக்குத்தாக நிற்கும் பெட்டியைச் சாய்த்து ஒருவரே தள்ளிக்கொண்டு போகலாம். டவுன்ஷெண்டின் எட்டு ஸ்பீக்கர் பெட்டியை அறுக்கச் சொல்லவைத்த சங்கடத்தை இங்கே இரண்டு சக்கரங்கள் தீர்த்துவைத்தன, படிக்கட்டு குறுக்கிடாதவரையில். சிகரத்தைத் தொட்டவர்கள் கிரேட்ஃபுல் டெட் என்ற கலிஃபோர்னியக் கோஷ்டியினர். 1974-இல் அவர்கள் மேடையின் பின்னால் எழுப்பிய 'ஓசைச் சுவர்' ஏறத்தாழ அறுநூறு ஸ்பீக்கர்களும், எழுபத்தைந்து டன் எடையும் கொண்டது. நான்கு பெரிய லாரிகளும் இருபத்தொரு ஆட்களும் அதற்கு வேண்டியிருந்தன. ஓர் ஊரில் வாசிக்கும்போதே அடுத்த ஊரில் சாரம் கட்டியாக வேண்டுமென்பதால், மேடைச் சாரத்தை மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட ஜதையாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அனுப்பினார்கள். வரும்படியை லாரிகளே தின்றன. அவ்வாண்டு அக்டோபரோடு கோஷ்டி ஊர் சுற்றுவதை நிறுத்திவைத்தது. சுவர் மறுபடி எழவில்லை.

விமோசனம் வேறு திசையிலிருந்து வந்தது. பொது ஒலிபெருக்கிகள் வலுப்பெற்றதும், கிட்டார்ப் பெட்டியின் முன்னால் ஒரு மைக்கை வைத்து, ஓசையை அவற்றின் வழியாகச் சபைக்கு அனுப்பும் வழக்கம் நிலைத்துவிட்டது. அதன்பின் பெட்டி சபைக்காக உறும வேண்டிய அவசியமில்லை. இனிமையாக ஒலித்தால் போதும். பின்னர் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்சாரத்தைக் கொண்டு இயங்கும் மின்வழங்கிகள் வந்தபோது, பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மரின் இடத்தை உள்ளங்கையில் அடங்கும் ஒன்று பிடித்துக்கொண்டது. ஸ்பீக்கரின் காந்தத்துக்கு நியோடிமியம் வந்து அங்கேயும் பாரம் குறைந்தது. ஃபெண்டர் கம்பெனியின் ட்வின் ரிவெர்ப், வால்வுகளோடு 29 கிலோ; 2019-இல் அதே பெயரில், அதே தோற்றத்தில், வால்வின் குணத்தைக் கணிப்பொறி முறையில் போலி செய்து அவர்கள் வெளியிட்டது 15 கிலோ. காதில் இரண்டும் ஒன்றா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் மூன்றாம் மாடி வரை இரண்டையும் தூக்கிச் சென்றவர்கள் அந்த விவாதத்தில் காட்டும் ஆர்வம் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், பெரிய மேடைகளில் அந்தக் கறுப்புப் பெட்டிகள் இன்னும் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றில் பல, உள்ளே ஸ்பீக்கரே இல்லாத வெறும் கூடுகள். கண்ணுக்கு விருந்தாக வைத்த அந்தக் கூடுகளையும் யாரோ வண்டியிலேற்றி இறக்கத்தான் வேண்டியிருக்கிறது.

சிறு மன்றங்களில் வாசிப்பவர்களுள் வால்வையே நம்பி வாழ்பவர்கள் இன்றும் பலர். அவர்களுடைய அனுபவத்தில் பழுத்த சில வழக்கங்கள் உண்டு. கச்சேரி முடிந்தவுடன் ஆம்பிளிஃபயரைத் தூக்கக்கூடாது. சூடேறிய வால்வின் உட்பாகங்கள் அதிர்ச்சியைத் தாங்கா என்பதால், முதலில் அதை அணைத்துவிட்டுக் கம்பிகளைச் சுருட்டி, கடைசியில்தான் அதன் பக்கம் போவார்கள். குளிர்நாட்டில் இரவெல்லாம் வண்டியில் கிடந்ததை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தவுடன் மின்சாரம் கொடுக்காமல், உள்ளே படிந்த ஈரம் உலரும்வரை காத்திருப்பார்கள். வண்டியில் ஏற்றும்போது இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை முகத்தோடு முகம் பொருத்தி நிறுத்தினால், டிரம்ஸின் இரும்புக்கால் ஒன்று உருண்டு வந்து கூம்பைக் கிழிக்கும் அபாயம் இல்லை. சக்கரம் வைத்த பெட்டி, கட்டாமல் விட்டால் முதல் வளைவிலேயே தன் விருப்பம்போல் புறப்பட்டுவிடும். படிக்கட்டில் இருவர் தூக்கும்போது பாரத்தின் பெரும்பங்கு கீழே நிற்பவரையே சேருவதால், கோஷ்டியில் யார் பலசாலி என்பது முன்பே தீர்மானமாகியிருக்கும்.

பிரிட்டனில் 1992-இல் கைச்சுமை பற்றிய விதிகள் ஏற்பட்டன. அவற்றையொட்டிய அரசாங்க வழிகாட்டுதலின்படி, ஓர் ஆண் இடுப்பளவு உயரத்தில் உடலோடு அணைத்துத் தூக்குவதற்கு 25 கிலோதான் உத்தேச வரம்பு. கையை நீட்டித் தூக்கினால் அதுவும் வெகுவாகக் குறையும். மார்ஷலின் பெட்டி அப்போதே முப்பது வயதை எட்டியிருந்தது. 36 கிலோவிலிருந்து அது இறங்கி வரவும் இல்லை. தொலைதூரம் போகும் கோஷ்டிகள் ஆகவே பெட்டியைச் சுமக்காமல், போகுமிடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கிட்டாரையும் ஓசையை மாற்றும் மிதிப்பலகையையும் மட்டும் கையில் கொண்டுபோகிறார்கள். உள்ளூரிலேயே வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கச்சேரிக்கு ஒப்புக்கொள்ளும்போது, சன்மானம் எவ்வளவு என்று கேட்ட கையோடு, வண்டியை வாசலுக்கு எவ்வளவு அருகில் நிறுத்தலாம், லிஃப்ட் உண்டா, மேடைக்கு எத்தனை படி என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வார்.