12 பெரிதா, 16 பெரிதா? துவக்கு எண்களின் விளையாட்டு தெரியுமா?

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லுப் பக்கம் போனால், பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரம் எடுத்து விவசாயிகள் வைத்திருக்கும் துவக்கு பெரும்பாலும் போர 12. அந்த 12 என்ன கணக்கு தெரியுமா? மில்லிமீற்றர் இல்லை. அங்குலமும் இல்லை. ஒரு இறாத்தல் ஈயத்தைச் சரிசமமாக 12 உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒன்று எந்தக் குழாயில் கச்சிதமாக இறங்குமோ அதுதான் போர 12! குழாயின் உள் அகலம் 18.5 மில்லிமீற்றர். அப்படியானால் போர 16 இன்னும் பெரிதா? எங்கே! அதே இறாத்தலை 16 பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்குக் கிடைப்பது குறையத்தானே செய்யும்? 16.8 மில்லிமீற்றர்தான். போர 20 அதைவிடச் சிறிது.

சரி, எண் ஏறினால் குண்டு சிறுக்கும் என்று மனதில் பதித்துக்கொண்டு கற்பிட்டிக் கோட்டைக்கு வாருங்கள். ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டை. 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அந்தக் காலத்துப் பீரங்கிகளையும் இறாத்தலில்தான் எண்ணினார்கள். ஆனால் தலைகீழாக! 12 இறாத்தல் பீரங்கி என்றால் ஒரு குண்டே 12 இறாத்தல் நிறை, ஆங்கிலக் கணக்கில் குறுக்களவு 11 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். 24 என்றால் நிறை இருமடங்கு. ஏன் நிறையைப் பிடித்துத் தொங்கினார்கள்? குண்டின் நிறையில் இத்தனையில் ஒரு பங்கு என்றுதான் மருந்தை அளந்து போட்டார்கள். எண்ணைச் சொன்னால் மருந்துக் கணக்கும் முடிந்தது!

இந்தத் தீவில் யானை மேல் எவ்வளவு பெரிய ரவை பாய்ந்திருக்கிறது தெரியுமா? 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த ஆங்கில வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரிடம் நாலு அவுன்ஸ் றைபிள் ஒன்று இருந்தது. கால் இறாத்தல் ஈயம், ஒரே வெடியில்! துவக்கின் நிறை 21 இறாத்தல், ஒன்பதரைக் கிலோ. சுட்டவன் தோள் என்ன பாடுபட்டிருக்கும்? யானையின் பாட்டைக் கேட்கவே வேண்டாம். மருந்து புகை கக்கும் கரிமருந்து. வேகத்தைக் கூட்ட வழியில்லை. வேகம் இல்லாத இடத்தில் நிறையைத்தான் கூட்ட வேண்டும். புகையில்லாத மருந்து வந்ததும் கதை மாறிற்று. 1880களின் கடைசியில் பிரித்தானியப் படைக்கு வந்த .303 ரவையின் நிறை பேக்கருடையதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான்.

அந்த .303இலும் ஒரு தில்லுமுல்லு! ரவையின் உண்மையான அகலம் .311 அங்குலம். பெயரில் இருப்பது குழாயின் அளவு.

இனிமேல் வருவதை நம்பக் கஷ்டமாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் புத்தளத்துக்குப் பக்கத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு விமானத்தளம் இருந்தது. பெயர் எச்.எம்.எஸ். ராஜாலியா. அங்கே வந்திறங்கிய கோர்செயார் விமானம் ஒவ்வொன்றிலும் அரை அங்குலத் துவக்கு, அதாவது 12.7 மில்லிமீற்றர், ஆறு! ஆறுக்கும் சேர்த்து 2,350 ரவைகள். விசையை விடாமல் அழுத்தினால் ஏறக்குறைய அரை நிமிடத்தில் எல்லாம் காலி. போதுமா? போதுமென்றுதான் நினைத்தார்கள், எதிரி விமானம் குறிக்குள் நிற்பதே ஓரிரு விநாடிதானே. ஆனால் மழைக்காலச் சேற்றில் சில்லுப் புதைந்தால் இந்த இரும்புப் பறவை அசையாது. அப்போது யார் வந்து இழுத்தது தெரியுமா? யானை! கழுத்தில் பாகன், பின்னால் சங்கிலி, சங்கிலியின் முனையில் நாலு தொன் போர் விமானம். படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், சும்மா கதையில்லை.

படைக்காரன் தோளுக்கு வருவோம். .303க்குப் பிறகு இலங்கைப் படைக்கு எஸ்.எல்.ஆர். றைபிள் வந்தது, 1980களில் ரி-56 றைபிள். இரண்டும் 7.62 மில்லிமீற்றர். ஒன்றின் ரவையை மற்றதில் போடலாமா? முடியவே முடியாது! எஸ்.எல்.ஆர். ரவையின் கோது 51 மில்லிமீற்றர் நீளம், ரி-56இனது 39. நீளம் குறைந்தால் மருந்து குறையும், வீச்சும் குறையும். பின்னே எதற்கு மாறினார்கள்? தராசைக் கேளுங்கள். 200 ரவை சுமந்தால் முன்னது ஏறக்குறைய ஐந்து கிலோ, பின்னது மூன்றே கால். பற்றைக் காட்டுக்குள் அறுநூறு மீற்றர் தூரம் கண்ணுக்கே தெரியாதபோது அந்த மேலதிக வீச்சு யாருக்கு? சுடும்போது உதைப்பும் குறைவு. என்னைக் கேட்டால், துவக்கின் ரவையைத் தீர்மானிப்பது எதிரியைவிடச் சுமப்பவனின் முதுகுதான்.

கடலிலோ எல்லாம் எதிர்த்திசை! சுமப்பது படகு, முதுகு இல்லையே. கடற்படையின் டோறாப் படகுகளில் முதலில் இருந்தது 20 மில்லிமீற்றர் ஓர்லிக்கன். உள்நாட்டுப் போர் முற்ற முற்ற 30 மில்லிமீற்றர் புஷ்மாஸ்டர் வரை போனது. தரையில் இளைத்தது நீரில் கொழுத்தது.

இன்னொன்று. கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் தொழிற்சாலையில், பட்டதும் விரிகிற .303 ரவை செய்தார்கள். உடம்பைக் கிழித்துவிடும் கொடுமை என்று 1899இல் ஹேக் மாநாடு அவ்வகை ரவையைப் போரில் தடை செய்தது. பிரித்தானியா கையெழுத்திட 1907 வரை இழுத்தடித்தது. அதே பிரித்தானியாவில் இன்று றைபிளால் மான் சுட வேண்டுமென்றால் விரியும் ரவைதான் சட்டப்படி கட்டாயம்! மிருகம் காயத்தோடு அலையாமல் உடனே விழவேண்டுமாம். மனிதனுக்குக் கூடாதது மானுக்குக் கருணை! நான் இரண்டு தரம் வாசித்துத்தான் நம்பினேன்.

நம்மூர்ப் போர 12க்குத் தோட்டா வாங்கும்போதும் எண் விளையாட்டு விடாது. 6ஆம் இலக்கத்தில் ஒரு அவுன்சுக்கு 270 சன்னம், பறவைக்கு. எஸ்.ஜி.யில் ஒரு அவுன்சுக்கு எட்டே எட்டு, பன்றிக்கு. மருந்தை இடித்து நிரப்பும் இடியன் துவக்குக்கு இந்த இலக்கங்கள் ஒன்றும் கிடையாது, கையில் அகப்பட்டது உள்ளே போகும். யானைக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. பன்றிச் சன்னம் யானையை அந்த இடத்திலேயே வீழ்த்துவது அரிது. தோலுக்குள் தங்கிச் சீழ் பிடித்து, வாரக்கணக்கில் வதைத்துத்தான் கொல்லும். வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடியில் சன்னமே இல்லை. வெறும் சத்தம்.