பிள்ளைகளுடன் மலைநாட்டுப் புகையிரதப் பயணம்

கல்முனைக்குப் புகையிரதப் பாதை இல்லை. மட்டக்களப்பில் வண்டியேறி, மேற்கே பொல்காவலை வரை சென்று, அங்கிருந்து மலைநாடு ஏறுவது பெருஞ்சுற்று. சிறு பிள்ளைகளுக்கு அது உல்லாசமன்று, தண்டனை. அம்பாறை வழியாகப் பஸ்ஸிலேயே பதுளையை அடைந்து, எல்ல நிலையம் வரையேனும் பண்டாரவளை வரையேனும் பகல் வண்டியிற் செல்வதே சாலச் சிறந்தது.

1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய இப்பாதையின் விந்தை தெமோதரையில் இருக்கிறது. நேராக ஏறவியலாத செங்குத்து அது. ஆகவே வண்டி நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துட் புகுந்து, குன்றைச் சுற்றி வளைந்தேறி, சற்று முன் எதன் கீழே சென்றதோ அந்நிலையத்திலேயே வந்து நிற்கும். வாப்பா இதனை முன்னரே சொல்லிவைப்பாராயின், பிள்ளைகள் சாளரத்தை விட்டு அகலார். எல்லயை அடையுமுன் ஒன்பது வளைவுப் பாலமும் வரும்.

தங்குவது ஓரிடமாகவே இருக்கட்டும். நாளுக்கோர் ஊரென்று அலைந்தால் உம்மாவுக்கு மூட்டை கட்டுவதே வேலையாகிவிடும். கடற்கரை வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை இன்றியமையாதது. 2025 நவம்பர்ப் புயலில் மலைநாட்டுப் பாதை பல இடங்களிற் சிதைவுற்றமையால், வண்டி ஓடும் பகுதியையும் நேரத்தையும் நிலையத்தில் விசாரித்தறிந்த பின்னரே நாட்குறித்தல் வேண்டும்.