கமராவின் ஓசையும் அவையின் அமைதியும்

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடும் என்பது கிழக்கிலங்கை மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தியாகும். நிலாக்கால இரவிலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருள் ஆழ்த்தி, மறுநுனியைக் காதிலே பொருத்தி அவ்வொலியைக் கேட்பர். துடுப்பு அசைந்துகொண்டிருக்கும்வரை பாட்டுக் கேளாது. மெல்லிய ஒலியொன்றைச் செவி வாங்கவேண்டுமாயின் அதனினும் வலிய ஒலிகள் அடங்குதல் வேண்டும் என்பதை இவ்வழக்கம் எளிதில் உணர்த்துகின்றது.

கல்முனைப் பகுதியிலே இவ்வுண்மை ஆண்டுதோறும் ஒரு காலைப்பொழுதிற் சோதனைக்குள்ளாகின்றது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, இலங்கையிலே பேரழிவெய்திய மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்னும் ஊர்களில், இந்து, இஸ்லாமியர், கிறித்தவர் என்ற வேறுபாடின்றி அழுகுரல் எழுந்தது. மாண்டோரை நினைந்து டிசெம்பர் 26ஆம் நாள் காலை 9.25 முதல் 9.27 வரை இரு நிமிட மௌனம் கடைப்பிடிப்பது நாட்டின் வழக்கமாயிற்று. அவ்விரு நிமிடமும் தலைகவிழ்ந்து நிற்போர் செவியில், கடலலையின் ஓசைக்கு அடுத்தபடியாக விழுவது எது? செய்தியாளர் வந்திருக்கும் இடங்களிலே அது பெரும்பாலும் கமராக்களின் ‘சடக், சடக்’ என்னும் ஓசையே.

இதனைக் கொண்டு படப்பிடிப்பாளரைக் குறை கூறுதல் நேரிதன்று. அம்மௌனம் நடந்ததை வெளியுலகம் அறிவது அவர்கள் எடுக்கும் படத்தால் அன்றோ? ஆதலின், அவ்வோசை எங்கிருந்து பிறக்கின்றது, அதனைக் குறைக்கும் வழி யாது, முற்றும் ஒழித்தல் நன்றோ என்னும் மூன்று வினாக்களையும் ஆராய்தல் பயன் தரும்.

ஓசை பிறக்குமிடம்

கமரா என்பது அடிப்படையில் இருட்பெட்டி ஒன்றே. வில்லையின் வழியாக வரும் ஒளியை அளவான நேரத்துக்கு மட்டும் உள்ளே விடுவதற்கு ஒரு கதவு வேண்டும். ‘ஷட்டர்’ எனப்படும் மூடுதிரையே அக்கதவு. செய்தியாளர் பெரிதும் கையாண்டுவந்த ஒற்றைவில்லைத் தெறிப்புக் கமராவில், மூடுதிரைக்கு முன்னே சாய்வாக ஓர் ஆடி நிற்கும். வில்லை காட்டும் காட்சியை மேலே திருப்பிக் கண்ணுக்குக் கொடுப்பது அதன் தொழில். பொத்தானை அழுத்தியதும் அவ்வாடி மேலெழுந்து மோதும். முதலாந் திரை ஓடித் திறக்கும். இரண்டாந் திரை பின்தொடர்ந்து மூடும். ஆடி மீண்டும் கீழே விழும். அடுத்த படத்துக்காகச் சிறு மோட்டார் விற்களை முறுக்கும். இத்தனையும் ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள் முடிகின்றன. விரைந்தோடும் பொருள்கள் சடுதியாக நிறுத்தப்படுவதால் ஓசை எழுகின்றது. அவற்றுள்ளும் ஆடியின் மோதலே முதன்மையானது.

1959இல் வெளிவந்த நிக்கொன் எப் கமராவும், அதனையொத்த பிறவும் உலகெங்கும் செய்தியாளர் கைக்கு வந்தமையால் ஆடியின் ஓசையும் அவைதோறும் புகுந்தது. வில்லை காணும் காட்சியையே கண்ணும் காணலாம் என்பதும், தொலைநோக்கு வில்லைகளைப் பொருத்தலாம் என்பதும் அவற்றின் சிறப்புகள். அச்சிறப்புகளுக்குக் கொடுத்த விலையே அவ்வோசை எனலாம்.

செவி அதனை ஏன் பொறுப்பதில்லை?

காரைதீவிலே 1892இல் தோன்றிய சுவாமி விபுலாநந்தர், அறிவியல் பயின்றவராதலின், பழந்தமிழ் யாழின் இசையைக் கணக்கியல் முறையால் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். யாழ் நரம்பின் ஒலி ஓர் ஒழுங்கான மீடிறனையும் அதன் மடங்குகளையும் கொண்டது. கமராவின் ஓசையோ அத்தகையதன்று. மிகக் குறுகிய நேரத்துள் பல மீடிறன்களும் ஒருங்கே எழும் ஒரு திடீர் அதிர்ச்சி அது. இடையறாது சுழலும் மின்விசிறியின் ஒலியைச் செவி சிறிது நேரத்தில் மறந்துவிடுகின்றது. எப்பொழுது எழும் என்று அறியவியலாத ‘சடக்’ ஒலியை அவ்வாறு மறப்பதில்லை. பேச்சுடன் கலந்து பதிந்தபின் அதனை ஒலிப்பதிவினின்றும் வடித்தெடுத்தலும் எளிதன்று.

எண்ணிக்கையும் இங்குக் கருதத்தக்கது. ஒலியின் அளவாகிய தெசிபெல், மடக்கை முறையில் அமைந்தது. ஒத்த ஓசையுள்ள பத்துக் கமராக்கள் ஒருங்கே இயங்கின், ஒன்றின் ஓசைக்கு மேல் 10 தெசிபெல் கூடும். இருபதாயின் 13 தெசிபெல் கூடும். 10 தெசிபெல் கூடிய ஒலியைச் செவி ஏறத்தாழ இருமடங்காக உணரும் என்பர். திறந்த வெளியில் தூரம் இருமடங்காகுந்தோறும் 6 தெசிபெல் குறையும். ஆயின், சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் தகரக்கூரையும் கொண்ட மண்டபத்தில் இக்கணக்குப் பொய்த்துவிடும். சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்புவதால் கடைசி வரிசையில் இருப்பவனும் அதற்குத் தப்புவதில்லை. ஆர்வர்ட் பல்கலைக்கழகத்து விரிவுரை மண்டபமொன்றில் எதிரொலி மிகுந்தபோது, அறிஞர் சபின் 1895ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து, மெத்தை முதலிய மென்பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவைக் கணக்கிட்டுக் காட்டினார். மருதமுனையிலே நெசவுத்தறி உள்ளது. தடித்த கைத்தறித் திரைகளை மண்டபச் சுவரில் தொங்கவிட்டால் கமராவின் ஓசை மட்டுமன்றிப் பேச்சின் எதிரொலியும் தணியும்.

பண்டைய தீர்வுகள்

இத்தொல்லை இன்று தோன்றியதன்று. பேசும்படம் பிறந்தபோது, அதாவது தமிழிலே ‘காளிதாஸ்’ வெளிவந்த 1931ஆம் ஆண்டையொட்டிய காலத்திலே, திரைப்படக் கமராவின் இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுத்தது. மேலைநாட்டார் கமராவையும் அதனை இயக்குபவரையும் ஒலிபுகா அறைக்குள் அடைத்துப் பார்த்தனர். பின்னர், கமராவுக்கு மட்டும் தடித்த உறை அமைத்தனர். படப்பிடிப்புத் தளத்திலே நிழற்படம் எடுப்போரும் பிற்காலத்தில் அத்தகைய ஒலிதாங்குப் பெட்டிக்குள்ளே தம் கமராவை வைத்துப் படமெடுத்தனர்.

வேறொரு வழியும் இருந்தது. ஆடியே இல்லாத கமரா அது. ஜெர்மனியிலே 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா, துணியாலான மூடுதிரையை உடையது. தனியொரு காண்சாளரத்தால் காட்சியைக் காட்டுவது. ஓசை மிகச் சிறியது. பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஹென்றி கார்ட்டியே பிரெசோன் அதனையே கையாண்டார்; அதன் பளபளப்புங்கூடப் பிறர் கண்ணில் படலாகாதெனக் கருப்பு நாடாவால் மறைத்தார். 1948 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்துப் படமெடுத்தவர் அவர். 1950 ஏப்பிரல் 14ஆம் நாள் இரவு ரமண மகரிஷி திருவண்ணாமலையிலே சமாதியடைந்தபோதும் அவர் அங்கிருந்தார். துறவியின் இறுதி நாள்களைச் சூழ்ந்த அமைதியிலே முழங்கும் கமராவுக்கு இடமேது?

காந்தியடிகளின் உறவுவழிப் பேரனான கனு காந்தி, அடிகளைப் படமெடுக்க இசைவு பெற்றபோது, மின்னொளி பாய்ச்சலாகாது, படத்துக்காக நிற்கும்படி கேட்கலாகாது என்னும் நிபந்தனைகளுக்கு உட்பட்டார். அவர் கையாண்ட றோலிபிளெக்ஸ் இரட்டைவில்லைக் கமரா. அதன் ஆடி அசையாது. மூடுதிரையோ வில்லைக்குள்ளே பூவிதழ்போல் விரிந்து குவிவது. ஆதலின் அதன் ஓசை மெல்லியது.

நீதிமன்றமும் இவ்வேறுபாட்டை மதித்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1979இல் விசாரணைகளைப் படமெடுக்க இசைந்தபோது, லைக்கா ‘எம்’ வரிசைக் கமராவினும் மிகுந்த ஓசையோ ஒளியோ எழுப்பும் நிழற்படக் கருவி எதுவும் பயன்படலாகாது என்று விதித்தது. கருவியொன்றின் பெயரே அமைதிக்கு அளவுகோலாயிற்று.

இற்றைநாள் வழிகள்

புதிய கமரா வாங்குதற்கு முன்னரே செய்யத்தக்கன சில உள. ஆடியுள்ள எண்ணிமக் கமராக்கள் பலவற்றில் ‘அமைதி முறை’ ஒன்று உண்டு. ஆடியும் மோட்டாரும் மெல்ல இயங்குவதால் ஓசை குறையும், ஆயினும் முற்றும் நீங்காது. தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுப்பதை விடுத்து, வேண்டிய கணத்தில் ஒரு படம் எடுத்தலும் ஒரு வழியே, அதற்குப் பொருட்செலவில்லை. பஞ்சுவைத்துத் தைத்த துணியுறையும் ஓரளவு உதவும்.

ஆடியற்ற கமராக்களில் மோதல் ஓசை இல்லை. திரையின் ஓசை மட்டுமே எஞ்சும். அதனையும் நீக்குவது இலத்திரனியல் மூடுதிரை. இங்குத் திரை என்றொரு பொருளே அசைவதில்லை. ஒளியுணரியை மின்முறையால் தொடங்கி நிறுத்துவதே மூடுதிரையின் தொழிலைச் செய்கின்றது. 2017இல் வந்த சோனி ஏ9 கமரா செக்கனுக்கு 20 படம் ஓசையின்றி எடுத்தது. 2020இல் அசோசியேற்றட் பிரஸ் நிறுவனம் தன் படப்பிடிப்பாளர்க்குச் சோனி கமராக்களை வழங்க முடிவு செய்தது. 2021இல் வந்த நிக்கொன் சட்9 கமராவில் பொறிமுறை மூடுதிரை அறவே இல்லை.

ஆயினும், விலை குறைந்த கமராக்களில் இம்முறைக்கு ஒரு குறையுண்டு. உணரியின் வரிகள் ஒருங்கே வாசிக்கப்படாமல் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் வாசிக்கப்படுகின்றன. முழுவதும் வாசிக்கச் செக்கனில் 20இல் ஒரு பங்கு செல்லுமென்று கொள்வோம். இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. அதனால் இயங்கும் பழைய குழாய் விளக்குகளும் தரங்குறைந்த எல்.ஈ.டி. விளக்குகளும் செக்கனுக்கு 100 முறை மங்கி ஒளிரும். எனவே, ஒரு படம் வாசிக்கப்படும் நேரத்துள் ஐந்து முறை ஒளி ஏறி இறங்கும். பேச்சாளர் முகத்தின் குறுக்கே கருவரிகள் படியும். திரைநேரத்தை 100இல் ஒரு பங்காகவோ 50இல் ஒரு பங்காகவோ வைத்தால் ஒவ்வொரு வரியும் நிறைவான ஏற்ற இறக்கத்தைப் பெறுவதால் இக்குறை பெரிதும் நீங்கும். கையசைவு சிறிது கலங்கக்கூடும். நினைவஞ்சலியில் நிற்பவர் அசைவதில்லையாதலின் அங்கு அதுவும் இடர்ப்பாடன்று. 2023இல் அறிமுகமான சோனி ஏ9 மூன்றாம் வகை, எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிப்பதால் இக்குறையற்றது. ஆயின் அதன் விலை ஊர்ச் செய்தியாளர்க்கு எட்டாதது.

ஓசையின்மையால் வரும் இடர்

இனி மூன்றாம் வினா. ஓசை முற்றும் ஒழிதல் நன்றோ? ‘சடக்’ என்னும் ஒலி தொல்லையாயினும் அது ஓர் அறிவிப்புமாகும். படம் எடுக்கப்பட்டது என்பதைப் படத்திலுள்ளவர் அதனாலே அறிகின்றார். கைப்பேசியாற் களவாகப் படமெடுக்கும் தீமை பெருகியமையால், ஜப்பானிலே கைப்பேசி நிறுவனங்கள் தாமாகவே படவொலியை நிறுத்தவியலாதவாறு அமைத்தன. தென்கொரியாவும் 2004இல் அவ்வாறே தரவிதி வகுத்தது. அங்கே ஓசை ஒரு காவலாகக் கருதப்பட்டது.

கல்முனைக் கரையோர ஊர்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பெண்கள் தனித்திருக்கும் திருமண மண்டபப் பகுதி, ஜனாஸா எடுக்கப்படும் வீட்டு முற்றம், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற விழாவுக்குக் குடும்பத்தோடு திரளும் கூட்டம், மருத்துவமனையின் வாயில் ஆகியவற்றிலே படமெடுக்கப்படுவதை விரும்பாதார் பலர். இந்துக்களின் ஈமக்கடனிலும் இதுவே நிலை. ஓசையுள்ள கமராவுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள இயலும். ஓசையற்ற கமராவுக்கு அவ்வாறு செய்யவியலாது. எனவே, கருவி எவ்வளவுக்கு மௌனமாகின்றதோ அவ்வளவுக்கு அதனைக் கையாள்பவன் வாய்திறந்து இசைவு கேட்டல் கடமையாகின்றது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், அவை நடத்துவோரும் படமெடுப்போரும் முன்கூட்டியே கலந்து சில ஒழுங்குகளை வகுத்தல் நலம் என்பது புலனாகும். கிராஅத், தேவாரம், துஆ, மௌனம் ஆகிய வேளைகளில் ஓசையற்ற கமரா மட்டுமே இயங்கலாம்; அஃதில்லையேல் மௌனம் தொடங்குமுன் ஒரு படமும் முடிந்தபின் ஒரு படமும் போதும். பல நிருபர்க்கு ஓசையற்ற கமரா இல்லையாயின், உடையவர் ஒருவர் எடுத்ததை ஏனையோர்க்கும் பகிர்ந்தளிக்கலாம். ஒலிவாங்கியைப் பேச்சாளர் வாயருகே வைத்து, படப்பிடிப்பாளரை அதனினும் எட்ட நிறுத்தலாம். எங்கிருந்து எவரைப் படமெடுப்பர் என்பதைத் தொடக்கத்திலேயே அவைக்கு அறிவிக்கலாம்; விரும்பாதவர்க்கு வேறிடம் ஒதுக்கலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. பாடசாலைகளின் ஊடகக் கழக மாணவர்கள் தத்தம் பரிசளிப்பு விழாவிலேயே இவ்வொழுங்கைப் பழகத் தொடங்கினால், டிசெம்பர் 26ஆம் நாள் காலையில் கடற்கரையிலே நிற்போர்க்கு அவ்விரு நிமிடமும் முழுமையாகக் கிடைக்கும்.