சான்று தானே பேசுமா?

உயர்தர வகுப்பு மாணாக்கர் எழுதும் வாதக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகின்றேன். அவற்றுட் பெரும்பாலானவற்றில் முதலில் ஒரு கூற்று நிற்கும். அதனையடுத்துப் பழம்பாடலொன்று வரும். உடனே 'எனவே' என்றொரு சொல் தோன்றி, முதலிற் கூறியதே மீண்டும் கூறப்படும். பாடலுக்கும் 'எனவே' என்பதற்கும் இடையில் ஒன்றும் இராது. கட்டுரையின் உயிர் இருக்க வேண்டிய இடம் அதுவே என்பது என் கருத்து.

வாதமுறை தமிழுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், 12 சூத்திரங்களின் பொருளையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் உறுப்புக்களால் நிறுவிச் செல்கின்றது. ஆங்கு மேற்கோள் என்பது நிறுவுதற்கு எடுத்துக்கொண்ட கூற்று. இன்றோ பிறர் வாக்கை எடுத்தாளுதலையே அச்சொல்லாற் குறிக்கின்றோம். பிறர் வாக்கை எழுதியவுடன் தம் கூற்று நிறுவப்பட்டதென மாணாக்கர் எண்ணுவதற்கு இச்சொன்மயக்கமும் ஒரு காரணமோ என்று சில வேளை வேடிக்கையாக நினைப்பதுண்டு.

நம் நாட்டோடு தொடர்புடைய வாதமொன்றையே எடுத்து நோக்குவோம். வி. கனகசபைப்பிள்ளை 1904இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர்' என்னும் நூலின் பெயரே ஒரு கூற்று. கண்ணகிக்குக் கோயில் எடுத்த செங்குட்டுவன் கி.பி. 2ஆம் நூற்றாண்டினன் என்பது அதில் அடங்கியுள்ளது. சான்று சிலப்பதிகாரத்து வரந்தரு காதையில் உண்டு: கண்ணகியை வழிபட்ட வேந்தருள் இலங்கைக் கயவாகுவும் ஒருவன். 22 ஆண்டுகள் ஆண்ட கஜபாகுவை மகாவம்சம் கூறுகின்றது. அவன் காலம் 2ஆம் நூற்றாண்டு.

இவ்விரண்டையும் அருகருகே வைத்தாற் போதுமா? கயவாகு என்பது கஜபாகு என்பதன் தமிழ் வடிவம் எனக் காட்டல் வேண்டும். அஃது எளிது. அப்பெயருடைய அரசர் இருவருள் இவன் முதலாமவனே எனக் காட்டல் வேண்டும். இரண்டாமவன் 12ஆம் நூற்றாண்டினன். காப்பியத்தை அத்துணைப் பிற்காலத்ததாகக் கொள்ளுதல் அரிது. மூன்றாவது படியே கடினமானது: புலவர் பாடியது மெய்யாக நிகழ்ந்ததையே என்பது. வாதம் முழுவதும் அதன்மீதே நிற்கின்றது. தொன்மைமீது நமக்குள்ள பற்று, அதனை எழுதாமலே கடந்துபோகச் செய்துவிடுகின்றது.

மறுத்தவர்கள் கைவைத்ததும் அப்படியிலேயே. எஸ். வையாபுரிப்பிள்ளை காப்பியத்தின் மொழியை ஆராய்ந்து, அது பல நூற்றாண்டு பிற்பட்டது என்றார். பிற்காலப் புலவரொருவர் முற்கால அரசன் பெயரைச் செவிவழி அறிந்து பாடியிருக்கலாமன்றோ? கணநாத் ஒபயசேகர 1984இல் வெளிவந்த பத்தினி வழிபாடுபற்றிய ஆய்வில், கஜபாகு கதையை வரலாறாகவன்றிப் புராண மரபாகவே கொண்டார். காமில் சுவெலபிலோ காப்பியத்தைப் பிற்பட்டதெனக் கொண்டும், கஜபாகுவும் செங்குட்டுவனும் ஒரு காலத்தவர் என்பதை ஏற்றார். அரசன் காலத்தையும் நூலின் காலத்தையும் அவர் பிரித்து நோக்கியமையால் அஃது இயன்றது. இந்நுட்பத்தை மாணாக்கர் கவனித்தல் நன்று.

இவ்வாதத்தை வகுப்பிற் கொடுக்கும்போது 'எனவே' என்னும் சொல்லை முற்றாக விலக்கி எழுதுமாறு கேட்பேன். சிலர் திகைத்துவிடுவர். சிலர் முதன்முறையாக விளக்கம் எழுதத் தொடங்குவர்.

அவர்களை நான் அதிக நேரம் நிறுத்திவைப்பது மகாவம்சத்தின் மௌனத்திலாகும். கஜபாகுவின் ஆட்சியைக் கூறும் அந்நூல், பத்தினியைப்பற்றியோ கடல் கடந்த பயணத்தைப்பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. நிகழ்ந்திருந்தாற் சொல்லியிருக்கும் என்பார் ஒருவர். விகாரைத் திருப்பணிகளைப் போற்றவந்த பிக்கு வேற்று வழிபாட்டை ஏன் எழுதப்போகின்றார் என்பார் மற்றொருவர். மௌனம் ஒன்றே, வழக்கு இரண்டு. பின்னவர் கூற்றே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஆயினும் அது தடையொன்றை நீக்குமேயன்றி, அவ்வரசன் சேரநாடு சென்றான் என்று நிறுவாது.

உடனே இராசாவலியவைக் காட்டுவோரும் உளர். பல நூற்றாண்டுகள் பிற்பட்ட அச்சிங்கள நூல், கஜபாகு படையெடுத்துச் சென்று பத்தினியின் சிலம்பைக் கொண்டுவந்தான் என்கின்றது. ஆனால் அவன் சென்றதாக அது கூறுவது சோழநாட்டுக்கு. அதனைச் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்குச் சான்றாக்க விரும்புவோர், சோழம் எவ்வாறு சேரமாயிற்று என்பதற்கு ஒரு பந்தியாவது எழுத வேண்டியிருக்கும்.