இரண்டு மோனோவா, ஒரு ஸ்டீரியோவா: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரண்டு மோனோ அம்பிளிபயர் போட்டால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி இரட்டைச் செலவு செய்யாதீர்கள். ஒரு பக்கத்துக்கு 50 வாற்ஸ் தரும் ஸ்டீரியோவும், 50 வாற்ஸ் தரும் இரண்டு மோனோவும் ஒரே சத்தத்தைத்தான் தரும். வாற்ஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. சத்தம் இரண்டு மடங்காகக் காதில் விழ ஏறத்தாழ பத்து மடங்கு வாற்ஸ் வேண்டும்.

மோனோவுக்கும் ஒரு பயன் உண்டு. ஓம் குறைந்த, மின்னோட்டத்தை அதிகம் இழுக்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனி மின்வழங்கி நிம்மதி. ஸ்பீக்கருக்கு அருகிலேயே வைத்து வயரையும் குறுக்கலாம். வங்காலை போன்ற கடலோர ஊரில் வீடொன்றின் முன்னறைக்கு அது தேவைப்படுவது அரிது. கடற்காற்றின் உப்பு பிளக், இணைப்பு முனைகளை அரிக்கும். பெட்டி இரண்டானால் துடைத்துப் பராமரிக்கும் வேலையும் இரண்டு. மிஞ்சும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்கும் ஒழுங்கான ஏர்த் இணைப்புக்கும் செலவிடச் சொல்வேன்.

ஏர்த் விஷயத்தில் விளையாடவே கூடாது. இரண்டு மோனோவை வேறு வேறு பிளக் பொயின்ற்களில் கொடுக்கும்போது 'ம்ம்' என்று இரைச்சல் வரலாம். அதை நிறுத்தச் சிலர் ஏர்த் முனையைக் கழற்றி விடுகிறார்கள். அப்படிக் கழற்றியபின் உள்ளே மின்னொழுக்கு ஏற்பட்டால் இரும்புப் பெட்டியே மின்சாரமாகி, தொட்டவர் உயிர் போகலாம். இரண்டையும் ஒரே பொயின்ற்றிலிருந்து எடுத்துப் பாருங்கள். தீராவிட்டால் மின்னியலாளரை அழையுங்கள்.

கனடாவில் இருந்து உறவினர் அனுப்பும் செற் 120 வோல்ற்றாக இருக்கலாம். நமது 230இல் நேரே செருகினால் புகைந்துவிடும். பின்பக்கத்து எழுத்தைப் பார்க்காமல் தொடாதீர்கள். ஸ்டீரியோவை 'பிரிட்ஜ்' செய்து ஒற்றை மோனோவாக ஆக்கும்போதும் கவனம். 4 ஓம் ஸ்பீக்கர் அதன் ஒவ்வொரு பாதிக்கும் 2 ஓமாகத் தெரியும்; பல செற்கள் அதைத் தாங்குவதில்லை.

பெட்டியில் கணநேர உச்சத்தைச் சொல்லும் 'பிஎம்பிஓ 1000' என்று இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. தொடர்ந்து தரும் ஆர்எம்எஸ் வாற்ஸ் எவ்வளவு, எத்தனை ஓமில், இரு பக்கமும் ஒன்றாக ஓடும்போதா என்று கேளுங்கள். கடைக்காரர் சொன்னதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் பில் தர வேண்டியது வியாபாரியின் கடமை. பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவது அதே சட்டத்தில் குற்றம். விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது.

செற் பழுதானாலோ சொன்னபடி இல்லாவிட்டாலோ, முதலில் பில், வொறன்ரி அட்டை இரண்டையும் கொண்டு கடைக்கே போங்கள். திருத்தமோ மாற்றோ கிடைக்காவிட்டால் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் வழி கேட்டு, முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பழுதுபார்க்கிறோம் என்று கடை வாரக்கணக்காக இழுத்தடித்தால் அந்தக் காலம் உங்கள் கையிலிருந்துதான் கழிகிறது.