ரூ.350 எர்த் கேபிளுக்காக ரூ.16,500 போன கதை: வீட்லயே இன்ஜின் மாத்தினவங்க கவனத்துக்கு

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் கிடையாது, ஒரு பழைய கார். எமர்ஜென்சி ஃபண்ட் எப்படி ஓட்டை பானை மாதிரி ஒழுகும்னு இதைவிட தெளிவா என்னால சொல்ல முடியாது.

என் அத்தை பையனுக்கு 29 வயசு, நைட் ஷிஃப்ட் வேலை. கார் இல்லன்னா ஆஃபீஸ் போறது கஷ்டம். ரேடியேட்டர் லீக்கை கவனிக்காம ஓட்டினதுல இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு. ஒர்க்‌ஷாப்ல ரூ.85,000 கேட்டாங்க. கையில இருந்தது ரூ.60,000. அதனால ரூ.32,000-க்கு ஒரு பழைய இன்ஜின் வாங்கி, ஹாய்ஸ்ட் வாடகை, ஆயில், கேஸ்கெட், கூலன்ட்னு இன்னொரு ரூ.7,500 போட்டு, ரெண்டு ஞாயித்துக்கிழமையில ஃப்ரெண்டோட சேர்ந்து வீட்லயே மாத்திட்டான். இதுவரைக்கும் கணக்கு சரிதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

பிரச்சனை சாவியைத் திருப்பினப்பதான். இன்ஜின் மெதுவா சுத்துது. எப்பவாவது ஸ்டார்ட் ஆகுது, உடனே நின்னுடுது. செக் இன்ஜின் லைட் வேற. முதல்ல புது பேட்டரி, ரூ.5,200. சரியாகல. ஸ்டார்ட்டர் மோட்டார் வேலை, ரூ.4,500. சரியாகல. காயில், பிளக் செட், ரூ.6,800. அதுவும் இல்ல. அப்புறம்தான் எனக்கு போன்: "மச்சான், ஈசியூ போயிடுச்சாம். ரூ.18,000. கிரெடிட் கார்டுல இஎம்ஐ போட்டுடட்டுமா?"

கையில மிச்சம் ரூ.4,000. நான் சொன்னது ஒண்ணுதான்: "இனிமே எதையும் வாங்காதே. முதல்ல அளந்து பாரு."

ஆடிட்ல நாங்க வித்தியாசம் வந்தா மொத்த லெட்ஜரையும் திருப்பி எழுத மாட்டோம். கடைசியா யார் எந்த என்ட்ரியைத் தொட்டாங்கன்னு பார்ப்போம். இங்கேயும் அதேதான். பழைய இன்ஜின் ஜாம் ஆகுறதுக்கு முன்னாடி வரைக்கும் பேட்டரியும் ஈசியூவும் ஒழுங்கா வேலை செஞ்சது. அப்போ சந்தேகம் முதல்ல எது மேல? நாம கழட்டி மாட்டின ஒயர், ஹோஸ், கனெக்டர் மேல.

ரூ.600 மல்ட்டிமீட்டர் போதும். ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, இன்னொரு முனை இன்ஜினோட வெறும் இரும்புல. யாராவது ஸ்டார்ட் அடிக்கணும். அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். இவனுக்கு 3.4 காட்டுச்சு. பேட்டரி 11.4 வோல்ட் குடுக்குது, ஸ்டார்ட்டருக்கு கிடைச்சது வெறும் 8. மிச்சம் வழியிலேயே காலி. கிளட்ச் கேபிளைத் தொட்டா சூடு! இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற எர்த் கேபிளை மாட்டவே இல்ல. கரன்ட் வேற வழி இல்லாம கிளட்ச் கேபிள் வழியா திரும்பியிருக்கு. சென்சார், ஈசியூ எல்லாம் உளறினதுக்கும் அதுதான் காரணம். கேபிள் விலை ரூ.350. (எந்த இடத்துல மீட்டர் வைக்கணும்னு வீடியோவுல காட்டியிருக்கேன்.)

உடனே ஸ்டார்ட் ஆச்சு. ஆனா ஐடில் ஏறி இறங்குச்சு. ஓபிடி ஸ்கேனர்ல பி0171, அதாவது காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. இந்த கோடைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சார் வாங்க ஓடிடாதீங்க. இன்டேக் பக்கம் காதைக் கொடுத்தா "ஸ்ஸ்"னு சத்தம். ஒரு வேக்கம் ஹோஸ் கழண்டு கிடந்தது. செலவு பூஜ்யம். கூலன்ட்ல சிக்கின காத்தையும், இன்ஜின் ஆறினப்ப மூடியைத் திறந்து எடுத்தோம். சூட்டுல மட்டும் அந்த மூடியைத் தொடாதீங்க, முகம் வெந்துடும்.

ஒரு விஷயம்: பழைய இன்ஜினோட வந்த ஈசியூவை மாட்டினா சாவியை அது ஏத்துக்காம போகலாம். உங்க காரோடதையே வச்சுக்கோங்க.

வண்டி ஓடினதும் இவன் வேலை முடிஞ்சதுன்னு நெனச்சான். நான் விடல. ஆர்சியில இன்னும் பழைய இன்ஜின் நம்பர்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி முன் அனுமதி இல்லாம இன்ஜின் மாத்தினா 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும். இன்சூரன்ஸ் பாலிசியிலயும் புது நம்பர் ஏறணும். இல்லன்னா கிளெய்ம் நேரத்துல சர்வேயர் கேக்குற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. கார் லோன் ஓடுதுன்னா பைனான்ஸ்காரங்க சம்மதமும் வேணும்.

"இன்ஜின் வாங்கின பில் எங்கடா?"ன்னு கேட்டேன். முழிச்சான். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியோடதா இருந்தா மாட்டுறது நாமதான். மறுநாளே விற்றவர்கிட்ட போய், இன்ஜின் நம்பர் போட்ட பில் கேட்டு வாங்கிட்டு வந்தான். இப்போ ஆர்டிஓ ஃபைல் நகர்ந்துட்டு இருக்கு. வாங்கின புது பேட்டரியை கடையில திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. பழையதை வீட்டு இன்வெர்ட்டருக்கு மாட்டலாமான்னு கேக்குறான். வேண்டாம்னு சொல்லியிருக்கேன், அது வேற டைப்.