வல்லாரையும் ஈய நஞ்சும்

படுவான்கரை வயல் வரம்புகளிலும் எழுவான்கரைக் கிணற்றடிகளிலும் வல்லாரை தானாகவே படர்வதைக் கமக்காரர் யாவரும் அறிவர். மூளைக்கு வலிமை தருவதெனப் பிள்ளைகளுக்கு இதனைச் சம்பலாகவும் கஞ்சியாகவும் கொடுப்பது நம்மவர் வழக்கம். ஆராய்ச்சியும் இதற்கு ஓரளவு ஆதரவு தருகின்றது. ஆயினும் செடி நிற்கும் மண்ணைக் கவனியாவிடில், மருந்தே நஞ்சைச் சுமந்து வரும்.

ஈயம் கல்சியத்தின் வழியைப் பற்றிக்கொண்டு மூளையினுட் புகுந்து, ஒட்சியேற்றத்தாற் கலங்களைக் கெடுத்து, அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்கின்றது. உட்சென்ற ஈயத்தைச் சிறுபிள்ளைகளின் உடல் பெரியோருடையதிலும் 4 முதல் 5 மடங்கு கூடுதலாக உறிஞ்சும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் பொருள் இக்கேட்டைக் குறைப்பதை ஈயம் ஊட்டிய எலிகளின் மூளையிற் கண்டுள்ளனர். வல்லாரை பற்றி இந்தியாவின் குவாலியர் ஆராய்ச்சியாளர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவோ இன்னும் கவனிக்கத்தக்கது. ஆசனிக்கு என்னும் பாடாண நஞ்சு ஊட்டிய எலிகளில் வல்லாரை ஒட்சியேற்றத்தைத் தணித்தது. நஞ்சை உடலிலிருந்து அகற்றவில்லை. மேலும், எலியிற் கண்டது பிள்ளைக்கும் அப்படியே பொருந்துமென எண்ணுதல் தகாது.

வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் ஆகியவை சேற்றிலுள்ள உலோகங்களையும் உறிஞ்சி இலையிற் சேர்ப்பன. கொழும்புப் பகுதிக் கீரைகளில் ஈயமும் கட்மியமும் இருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே வீதியோர வடிகால், பற்றறி திருத்துமிடம், குப்பைமேடு ஆகியவற்றின் அருகே கீரை நடுதலும் கொய்தலும் கூடாது. வாவிக்கரையில் வாழும் நமக்கு இன்னுமொரு கவனம் வேண்டும். வீச்சுவலைக்கு ஈயக் குண்டு வார்த்த அடுப்பின் சாம்பலை, வீட்டுச் சாம்பலென நினைந்து கத்தரிப் பாத்தியில் தூவுவாருளர். மண்ணிற் சேர்ந்த ஈயம் தலைமுறை கடந்தும் நீங்காது. குண்டு வார்த்தலைப் பிள்ளைகள் நடமாடும் முற்றத்திற் செய்யவே வேண்டாம்.

முச்சுப்பர் பொசுபேற்றில் கட்மியம் சிறிதளவு கலந்திருத்தல் கூடும். சிபார்சுக்கு மேல் இடாதீர்கள். புளிப்பு மண்ணில் உலோகம் எளிதிற் கரைந்து வேரை அடையுமாதலால், மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவு சுண்ணாம்பும் நன்கு மக்கிய எருவும் இடுக. இலையைக் கழுவினால் ஒட்டிய தூசி போகும்; உள்ளேறியது போகாது.

இரும்பும் கல்சியமும் குறைந்த உடல் ஈயத்தை மிகுதியாக ஏற்கும். முருங்கையிலை, நெத்தலி, நம்மூர் எருமைத் தயிர் இவற்றைப் பிள்ளைகளுக்குத் தவறாது கொடுங்கள். ஈயம் உட்சென்றதென ஐயமுண்டாயின், கஞ்சி கொடுத்துக் காத்திராது, வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.